ராணுவத் தோட்டா வேட்டைத் துப்பாக்கிக்குள் ஏன் நுழையவில்லை?

தொண்டைமான்கள் புதுக்கோட்டையை ஆண்ட காலம். பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது .303 லீ-என்ஃபீல்டு. அதே அமைப்பில் வேட்டைக்காரர்களுக்கும் துப்பாக்கி கிடைத்தது. ஆனால் அதில் ராணுவத் தோட்டா நுழையாது. ஏன் தெரியுமா?

திருட்டுப்போன ராணுவத் தோட்டா வெளியே யாருக்கும் பயன்படக் கூடாது என்பது பிரிட்டிஷ் இந்திய அரசின் கவலை. அதனால் .303 பொதுமக்களுக்குத் தடை.

சாவி தொலைந்தால் கதவையா மாற்றுகிறோம்? பூட்டை மாற்றினால் போதுமே! துப்பாக்கிக்குப் பூட்டு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைதான். குழலை மாற்றினால் அறையும் மாறிவிடும்.

சரி, எந்தத் தோட்டாவுக்கு மாற்றுவது? ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் கைகொடுத்தது. இந்தியாவில் அதற்குப் பெயர் .315. அதன் அடிவிளிம்பு .303-இன் அளவுக்கு நெருக்கமானது. ஆகவே, தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் போல்ட்டில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை.

இப்போது தோட்டாவின் உறையைப் பாருங்கள். .315-க்கு நீளம் சுமார் 50 மி.மீ.; .303-க்கு 56. நீள உறை குட்டை அறையில் முட்டி நிற்கும். போல்ட் மூடாது, மூடாமல் சுட முடியாது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. ஆனாலும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் இந்த .315 ரகம், உரிமம் பெற்றவர்களிடம் இன்றும் இருக்கிறது.