சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

யானையை வாங்குவது பெரிதல்ல. அதற்குத் தீனி போடுவதுதான் பெரிது. இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசாமிகள் இவ்வுண்மையை முதற் குளிர்காலத்திலேயே கண்டுகொள்கிறார்கள்.

எம்.ஜி.பி. என்னும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்ற ஊரில் உற்பத்தியான இவ்வகை வண்டிகள் ஐந்து லட்சத்துக்கு மேல். நாற்பது வயது கடந்துவிட்டதால் இவற்றுக்கு அந்நாட்டு சர்க்கார் சாலை வரி விதிப்பதில்லை. பெரிய மாறுதல் எதுவும் செய்யாத வண்டியாயின், 2018 முதல் வருஷாந்தரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. உதிரிச் சாமான்களும் தாராளமாய்க் கிடைக்கின்றன. பின் செலவு எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். சர்க்கார் மன்னித்தாலும் துரு மன்னிப்பதில்லை!

இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுகளுக்கு அடியில் ஓடும் இரும்புப் பெட்டிகள் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்குகின்றன. பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து அங்கேதான் புகுந்து அரிக்கிறது. வெளியே பளபளக்கும் வர்ணம். உள்ளே செல்லரித்த உத்தரம்! அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கப் பல நாட்கள் கூலி கொடுக்க வேண்டும். 1988 முதல் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் அதை வாங்கிப் பொருத்தி, வர்ணம் பூசி முடிப்பதற்குள், அந்தப் பணத்தில் நல்ல வண்டி ஒன்றையே வாங்கியிருக்கலாமே என்று தோன்றிவிடும்.

பெட்ரோலிலும் ஒரு சங்கடம் உண்டு. 2021 முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் பத்துச் சதவீதம் வரை எதனால் என்னும் சாராயம் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அது ஆகாது. குழாய்களை மாற்ற வேண்டும். அல்லது விலை கூடிய பெட்ரோல் வாங்க வேண்டும்.

"ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தினால் மிச்சந்தானே?" என்பது வீண் கணக்கு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருக்கும் உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். டயர்களோ ஓடாமலே கிழடாகும்.

எனவே இத்தகைய வண்டி வாங்குவோருக்கு நாம் கூறுவது இதுதான்: காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கதவின் அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூச்சு மட்டுமே இருக்கிறது. பழுது வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். துருவில்லாத வண்டிக்கு அதிக விலை கொடுப்பதே உண்மையில் சிக்கனம்.