தியாகராய நகர்: ஏரி, தோட்டம், கடைவீதி

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில், வல்லக்கோட்டை முருகன் கோயிலை ஒட்டிய ஊர்களில் இன்று வயலுக்கு நடுவே எல்லைக்கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ‘நகர்’, ‘கார்டன்’, ‘அவென்யூ’ என்று பலகை வைத்த மனைப்பிரிவுகளைப் பார்க்கிறோம். விளம்பரத் தாளில் மரநிழல் உண்டு, பூங்கா உண்டு, அகலமான தார்ச்சாலை உண்டு. குடிவருபவர்கள் துவரம்பருப்பு எங்கே வாங்குவார்கள் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை.

“இங்கெல்லாம் பெரிய வீடுகள் வந்தால் நம் வியாபாரம் பெருகுமா, அல்லது பெரிய கடைக்காரர் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவாரா?” என்பது நம் வணிக சகோதரர்கள் பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இதே போல வெற்று நிலத்தில் கல் நட்டு, வசதியுள்ளவர்களுக்கென்று உருவாக்கிய குடியிருப்பு ஒன்று நம் கண்ணெதிரே இருக்கிறது. சென்னை தியாகராய நகரைத்தான் சொல்கிறோம்.

இன்று தி.நகர் என்றால் ஜவுளி, நகை, பாத்திரம், தீபாவளி நெரிசல். ஆனால் அது கடைவீதியாகப் பிறந்த ஊர் அல்ல. அதற்கு முன் அது ஊரே அல்ல, ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மாம்பலம் பகுதியை 1923-ஆம் ஆண்டு வாக்கில் வடியவிட்டு, மேடாக்கி, மனைகளாகப் பிரித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் இருக்கிறது. மழைக்காலத்தில் தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவுத் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று வியப்பவர்கள் அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்தால் போதும்.

1920-ல் வந்த நகரமைப்புச் சட்டத்தின் பின்னணியில், நீதிக்கட்சி ஆட்சியில் போடப்பட்ட திட்டம் இது. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயரில் நடுவே ஒரு பூங்கா. அதிலிருந்து நாலா பக்கமும் பிரியும் அகலச் சாலைகள். உஸ்மான் சாலை, கோபதி நாராயணசாமி செட்டி சாலை, நடேசன் பூங்கா என்று எல்லாம் அக்காலப் பொதுவாழ்வில் இருந்தவர்களின் பெயர்கள். ஊருக்கே பெயர் தந்தவர் 1925-ல் மறைந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியார். அவரை அரசியல்வாதி என்று மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் நெசவாலை நடத்திய தொழிலதிபர். தென்னிந்திய வர்த்தக சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். அதன் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தவர். ஒரு வணிகரின் பெயரில் அமைந்த குடியிருப்பு பிற்காலத்தில் வணிகத் தலமானது பொருத்தம்தான்.

அங்கே குடிவந்தவர்கள் வக்கீல்கள், நீதிபதிகள், உயர் அதிகாரிகள், பின்னர் திரைத்துறையினர். சிவாஜி கணேசனின் ‘அன்னை இல்லம்’ தெற்கு போக் சாலையில்தான். ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். பயன்படுத்திய வீடு இன்று நினைவு இல்லம். சுற்றிலும் தோட்டம், வாசலில் மரம், பின்புறம் கிணறு என்று ஒரு வீட்டுக்கே பல கிரவுண்டு நிலம். இப்படிப்பட்ட வீடுகள் மளிகைக்காரருக்கு அன்று பொன்னான வாடிக்கை. மாதப் பிறப்பில் சிட்டை வரும். கடைப்பையன் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப் போய்ச் சமையற்கட்டில் இறக்கிவிட்டு வருவான். பணம் அடுத்த மாதம். எண்ணெய் காறிப் போயிருந்தால் அன்று மாலையே திருப்பி அனுப்புவார்கள், ஆனால் கடையை மாற்ற மாட்டார்கள்.

இதை ஊர் மாறிய வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாம்பலம் ரயில் நிலையம் 1911-லேயே வந்துவிட்டது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து தி.நகருக்கு இரண்டு விதமான வாடிக்கையாளர்கள்: ஒன்று, அங்கேயே குடியிருப்பவர், இன்னொன்று, ரயிலில் வந்து இறங்குபவர். காஞ்சிபுரத்துக்காரரான நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ல், ஊர் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, அங்கே சிறிய பட்டுக்கடை போட்டார். வீடுகள் எல்லாம் நிரம்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிறகு பாண்டி பஜார் வளர்ந்தது. சௌந்தரபாண்டியன் அங்காடி என்பதுதான் மக்கள் வாயில் பாண்டி பஜார் ஆனது என்பர், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் நம் வணிக சமூகத்தார் நன்கறிந்த பெயர். 1970-ஐ ஒட்டி ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடைகளும், தொடர்ந்து பல மாடிக் கடைகளும் வந்தபோது ரயிலில் வருபவரின் கூட்டம் குடியிருப்பவரை முந்திவிட்டது.

நிலத்தின் விலை ஏறியது. தோட்ட வீட்டில் குடியிருப்பதை விட அதைக் கடைக்கு விடுவதே லாபம் என்றாயிற்று. குடும்பங்கள் அடையாறுக்கும் அண்ணா நகருக்கும் அதற்கு அப்பாலும் போயின. கூட்டம் பத்து மடங்கு பெருகியும் தெருமுனை மளிகைக்கடைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ரங்கநாதன் தெருவுக்குப் புடவை வாங்க வருபவர் கையோடு ஐந்து கிலோ புளியும் மூட்டை அரிசியும் வாங்கிப் போவாரா? மளிகைக்கு வேண்டியது தலைகள் அல்ல, அடுப்புகள். இந்தக் கணக்கைப் போடாமல், “ஊர் வளருகிறது, கடையைப் பெரிதாக்கலாம்” என்று அட்வான்ஸைக் கூட்டிக் கொடுத்து இடம் பிடிப்பது ஆபத்தானது.

நம் பகுதிக்கு இது உடனடியாகப் பொருந்துகிறது. வல்லம் வடகாலில் 2024-ல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அது. ஆனால் சாப்பாடு விடுதிக் கூடத்தில். அவர்களுக்குச் சோப்பு, ஷாம்பு பாக்கெட், பிஸ்கட், பழம் விற்கலாம். பருப்பு விற்க முடியாது. அதே சமயம் மரநிழல் மனைப்பிரிவில் ஐம்பதே வீடு வந்தாலும் ஐம்பது அடுப்பு எரியும்.

பெரிய கடைக்காரர் பற்றிய அச்சத்துக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்லலாம். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் ஜூரிக்பெர்க் என்ற குன்றுச்சரிவு இருக்கிறது. மரமும் தோட்டமுமாகச் செல்வர்கள் வாழும் பகுதி, நம் போட் கிளப் சாலை போல. தி.நகர் உருவான அதே 1925-ல் அந்த நகரத்தில் காட்லீப் டுட்வைலர் என்ற வியாபாரி ஐந்து ஃபோர்டு லாரிகளில் சரக்கை ஏற்றித் தெருத்தெருவாக விற்கத் தொடங்கினார். ஆறே சரக்கு: காப்பி, அரிசி, சர்க்கரை, மாவுச் சேமியா வகை, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு. கடை வாடகை இல்லாததால் விலை குறைவு. கடைக்காரர்கள் கொதித்தார்கள், உற்பத்தியாளர்கள் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள், 1933-ல் கிளைக்கடைகள் புதிதாகத் திறக்கக் கூடாது என்று அந்நாட்டில் தடையே வந்தது. அந்தத் தடை 1945 வரை இருந்தது. அவரோ சொந்தமாகத் தொழிற்சாலை வைத்துச் சரக்கை உண்டாக்கிக்கொண்டார். அவருடைய மிக்ரோஸ் இன்று அந்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்று. தடை கேட்டுப் போராடுவது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தடை தந்த பன்னிரண்டு ஆண்டு அவகாசம் அவருடைய வளர்ச்சியை நிறுத்தவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறோம். வாசலுக்குச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்தான் அவர் தொடங்கினார். நம் கடைப்பையனின் சைக்கிள் வேலையும் அதுதானே.

தி.நகரில் நம்மவர்கள் பட்ட இன்னொரு பாடு உண்டு. குடியிருப்புக்கென்று வகுத்த தெருக்களில் அனுமதியை மீறி மாடி மேல் மாடி எழுந்தது. 2011 அக்டோபர் இறுதியில், தீபாவளி முடிந்த கையோடு, உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெருப் பகுதியில் பல பெரிய கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த பிறகுதான் திறக்க முடிந்தது. பொங்கல் வியாபாரத்துக்கான கொள்முதல் உள்ளே முடங்கினால் என்ன ஆகும் என்பதை மொத்த வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2013-ல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் தனி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019-ல் அங்கே அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை வந்தது. தெருவில் ஓரடி மாற்றம் வந்தாலும் எந்தக் கடை வாசலில் கால் படும், எதில் படாது என்பது மாறிவிடுகிறது.

ஆகவே வல்லக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் மனைப்பிரிவுக்குள் கடை வைக்க நினைப்பவர்கள், விளம்பரத் தாளைப் பார்க்காமல் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பாருங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீத நிலம் பொதுவெளியாக விடப்பட வேண்டும். அந்த இடத்தைக் கடைக்கென்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். கடைக்கென மனை குறிக்கப்பட்டிருக்கிறதா, எந்தச் சாலையைப் பார்த்து இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தாதீர்கள். வணிக இணைப்புக்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். அருகில் நீர்நிலை இருந்ததா என்று ஊர்ப் பெரியவரிடம் விசாரித்துவிட்டுக் கிடங்கின் தரையை இரண்டு அடி உயர்த்திக் கட்டுங்கள். அரிசி மூட்டைக்குக் கீழே தண்ணீர் வந்தால் தி.நகராக இருந்தாலும் நஷ்டம் நமக்குத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தத்தம் பகுதி மனைப்பிரிவு வரைபட நகலைக் கையோடு கொண்டு வந்தால், எத்தனை வீடு, எத்தனை கடை மனை என்று எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கலாம்.