மூன்று நாள் மாத்திரை: தெரிந்துகொள்ள வேண்டியவை



இருமல் வந்தாலே மருந்துக் கடைக்குப் போய், "அந்த மூணு நாள் மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் அது அஸித்ரோமைசின். எரித்ரோமைசினும் அதே மேக்ரோலைடு குடும்பம்தான்.

இவை பாக்டீரியா புரதம் தயாரிப்பதைத் தடுத்து அதை அடக்குகின்றன. இவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஜப்பானில் தெரியவந்தது. அங்கே நுரையீரலின் சிறு காற்றுக் குழாய்களைத் தாக்கும் பான்பிராங்கியோலைட்டிஸ் என்ற நோய் பலரைப் பலிகொண்டது. 1980களில் டாக்டர் ஷோஜி குதோ, குறைந்த அளவு எரித்ரோமைசினை மாதக்கணக்கில் கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். ஆனால் அவர்களில் பலரின் சளியில் இருந்த சூடோமோனாஸ் கிருமியை அந்த மருந்தால் கொல்ல முடியாது. பிறகு எப்படித் தேறினார்கள்?

கிருமி நுழைந்தால் காற்றுக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் இன்டர்லூகின்-8 என்ற பொருளைச் சுரந்து, நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்களை அழைக்கின்றன. கிருமியை அழிக்க அவை வெளிவிடும் நொதிகள் அளவு மீறினால் நம் திசுவையே அரித்துவிடும். தீயணைக்க வந்த கூட்டம் வீட்டையே இடித்துவிடுவது போல. மேக்ரோலைடு மருந்து செல்லுக்குள் சேர்ந்து இந்த அழைப்பைக் குறைக்கிறது. வீக்கம் தணிகிறது. இறந்த செல்களை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிச் சுத்தம் செய்வதும் கூடுகிறது.

இதனால்தான் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு மருத்துவர்கள் இதை மாதக்கணக்கில் தருகிறார்கள். அதற்கு முன் இசிஜி, சளிப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். காது கேட்கும் திறனையும் கவனிக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா இருமலுக்கும் நல்லதுதானே? இல்லை. கொரோனா காலத்தில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் இருந்த 7,000க்கும் மேற்பட்டோரிடம் அஸித்ரோமைசினைச் சோதித்தது. மரணம் குறையவில்லை. சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது, தானே அடங்கிவிடும். நாம் மாத்திரையைப் புகழ்கிறோம்.

தேவையின்றி உண்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். நாளை நிமோனியா வந்தால் அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம். சிலருக்கு இதயத்துடிப்பும் தடுமாறும். ஆகவே இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ பழைய சீட்டைக் காட்டி இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.