புள்ளிராஜா யார்?

“புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?”

2000-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் பேருந்து ஏறி இறங்கிய பலருக்கு இந்த வரி இன்றும் நினைவிருக்கும். சுவரில் இருந்தது, விளம்பரப் பலகையில் இருந்தது. புள்ளிராஜா அரசியல்வாதியா, புதுப்பட நாயகனா, நிஜமாகவே எங்கோ வாழும் மனிதரா என்று ஆளாளுக்கு ஊகித்தார்கள். அப்படி ஒருவர் இல்லை, எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம் அது என்பது பிறகுதான் ஊருக்கு விளங்கியது.

விளம்பரத் தொழிலில் இதை ‘டீசர்’ என்பார்கள். சரக்கு எது, விற்பவர் யார் என்பதை மறைத்து முதலில் கேள்வியை மட்டும் பொது இடத்தில் வைப்பது, சில நாள் பேசவிட்டுப் பதிலைத் திறப்பது. நூறாண்டு தாண்டிய உத்தி இது. 1913-இல் அமெரிக்காவில் கேமல் சிகரெட் வந்தபோது, நாளிதழ்களில் ஒட்டகங்கள் வருகின்றன என்று மட்டும் முதலில் அறிவித்தார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சேர்த்து இருப்பதைவிட அதிக ஒட்டகங்கள் நாளை இந்த ஊரில் இருக்கும் என்றது அடுத்த விளம்பரம். அதற்கும் பிறகே சிகரெட்டின் பேரைச் சொன்னார்கள்.

மறைத்தால் ஏன் மனதில் நிற்கிறது? பெர்லினில் ஆய்வு செய்த உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, பாதியை முடிக்கவிட்டார், மீதியை நடுவிலேயே நிறுத்தினார். முடித்த வேலைகளைவிட நின்றுபோனவையே ஏறக்குறைய இரு மடங்கு நினைவில் இருந்தன. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா முறையும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1994-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் தந்த விளக்கம் எனக்கு இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது: தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் பட்டால்தான் ஆவல் பிறக்கும். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் ஆவல் வராது. எய்ட்ஸ் தெரியும், ராஜா என்ற பெயரும் தெரியும், ஆள் மட்டும் தெரியாது. அளவாக வைத்த இடைவெளி அது.

காரிமங்கலம் மாதிரி ஓர் ஊரில் இந்த உத்தி எப்படி வேலை செய்யும் என்று பார்க்கலாம். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவே, பழைய 7-ஆம் எண், இன்றைய 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய பேரூராட்சி. தமிழகத்தின் எந்தச் சிற்றூரையும் போல, பேருந்து நிலையத்துப் பக்கச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் பாதி ஏறிய சினிமா போஸ்டர், பக்கத்தில் காதணி விழா வாழ்த்து என்று முகங்களாகவே நிறைந்திருக்கும். அந்த நெரிசலில் முகமே இல்லாத ஒரு போஸ்டரை ஒட்டினால் கண் தானாக அங்கே போகும். விவரம் தெரிந்தவர் குனிந்து அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயரைத் தேடுவார். எங்கே அடித்தது என்று தெரிந்தால் யார் அடிக்கச் சொன்னது என்று ஊகிக்கலாமே!

தினமும் கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர் அதே சுவரைத் தினமும் கடப்பார். கேள்வி இருந்த இடத்திலேயே பதிலையும் பார்ப்பார். பெங்களூரிலிருந்து சேலம் வழியாகத் தெற்கே இறங்கும் லாரி ஓட்டுநரின் நிலை வேறு. கேள்வியை இங்கே பார்த்தவர், பதில் வரும் நாளில் நாமக்கல்லிலோ மதுரையிலோ இருப்பார். எச்.ஐ.வி. தடுப்புப் பணி முக்கியமாகச் சென்றடைய வேண்டியவர்களில் நெடுந்தூர லாரிக்காரர்களும் உண்டு. ஆகவே சாலை நெடுகவும் ஒரே கேள்வி, ஒரே காலத்தில் இருந்தாக வேண்டும். பொது இட டீசர் செலவு பிடிப்பது இதனால்தான்.

புள்ளிராஜாவுக்கு ஓர் அண்ணன் உண்டு, மும்பைக்காரர். 2002-இன் இறுதியில் பாப்புலேஷன் சர்வீசஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று அந்நகரெங்கும் கேட்டது. அடுத்தடுத்த விளம்பரங்களில் காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எப்போதும் ஆணுறை அணிபவர், குடித்தால் மறந்துவிடுகிறார். ஒரே பெண்ணிடம்தான் போகிறேன், எனக்கென்ன என்கிறார். பார்க்க ஆரோக்கியமாக இருப்பவருக்கு நோய் இராது என்று நம்புகிறார். மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட சமாதானங்களே அவை. உதவித் தொலைபேசிக்கு அழைப்புகள் கூடின. ஆந்திரத்தில் இதே கேள்வி ‘புலிராஜா’வைப் பற்றி வந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். ஆனாலும் நோயின் பெயரைக்கூட உரக்கச் சொல்லத் தயங்கிய காலம் நீண்டது. “எனக்கு வருமா?” என்று டீக்கடையில் யாரும் கேட்க முடியாது. “புள்ளிராஜாவுக்கு வருமா?” என்று யாரும் கேட்கலாம், பெண்கள் கேட்கலாம், பிள்ளைகளும் கேட்டார்கள். மூன்றாம் மனிதர் ஒருவரை நடுவில் நிறுத்தி, வாய்விட்டுப் பேசக்கூடிய ஒரு வாக்கியத்தை ஊருக்குக் கொடுத்ததுதான் இதன் உண்மையான திறமை என்று நினைக்கிறேன். ஆவலைக் கிளப்புவது அதற்கு அடுத்தபடிதான்.

பொது இடத்தில் புதிர் போடுவதில் ஆபத்தும் உண்டு. 2007 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு கார்ட்டூன் தொடருக்காகப் பாலங்களில் மாட்டிய மின்விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்துச் சாலைகளை அடைத்தார்கள். தொடரை ஒளிபரப்பிய டர்னர் நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்தது.

புள்ளிராஜாவால் வந்த சேதம் வேறு வகை. கேள்வி பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை. பெயர் கேலிப் பேச்சுக்குள் போனது. நோய், ஒழுக்கம் கெட்டவனுக்கு வருவது என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவிக்கும், பிறப்பிலேயே தொற்றோடு வந்த குழந்தைக்கும் அந்தக் கேலியில் இடமே இல்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியதே 2004 ஏப்ரல் 1-இல்தான். முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம்; மருந்தை ஒழுங்காக எடுப்பவர் நீண்ட காலம் நலமாக வாழ்கிறார். இலவச உதவி எண் 1097. புள்ளிராஜாவுக்குக் கிடைத்த அத்தனை சுவர்களில் பாதியாவது இந்தச் செய்திக்கும் கிடைத்திருக்க வேண்டும்.