கமிட்டி இருந்தால் போதுமா?

கலாசாலைகளில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளை விசாரிக்க நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1997-ல் ஸுப்ரீம் கோர்ட்டார் விசாகா வழக்கில் வகுத்த நெறிகளும், 2013-ம் வருஷத்துச் சட்டமும், சர்வகலாசாலை மானியக் கமிஷனின் 2015-ம் வருஷ விதிகளும் இருக்கின்றன. குறையெல்லாம் அவற்றை நடத்தவேண்டியவர்களின் பழக்கமின்மையில்தான் இருக்கிறது.

கோவா சர்வகலாசாலையில் 2009-ல் ஒரு துறைத் தலைவர்மீது மாணவிகள் புகார் செய்தனர். கமிட்டி விசாரித்தது, 2010-ல் அவர் வேலையினின்றும் நீக்கப்பட்டார். 2012-ல் ஹைக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆனால் 2023 மே மாதத்தில் ஸுப்ரீம் கோர்ட்டார் அந்த உத்தரவை ரத்து செய்து, விசாரணையை 2009-ல் நின்ற கட்டத்திலிருந்து மறுபடி நடத்தும்படி கமிட்டிக்கே திருப்பியனுப்பினர். எதிரிக்குத் தம் கட்சியைச் சொல்லப் போதிய அவகாசமளிக்காமல் கமிட்டியார் அவசரப்பட்டுவிட்டனர் என்பதே காரணம். பதினான்கு வருஷம் சென்றபின், புகார் செய்த பெண்களின் கதி என்ன? கமிட்டியாரின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ரஸாயனம் போதிக்கும் அம்மையாருக்கு ஒரே நாளில் நீதிபதியின் தொழில் வந்துவிடுமா? வக்கீல்களாகிய எங்களுக்கே குறுக்கு விசாரணை கைவர வருஷங்கள் செல்லுகின்றன!

விசாரணை 90 நாட்களுக்குள் முடியவேண்டும்; அதற்காக ஒரு தரப்பின் வாயை அடைத்துவிடவும் கூடாது. புகார் செய்தவளின் பெயர் வெளிவரக் கூடாது. அவளாகக் கேட்டாலொழிய ராஜிப்பேச்சு எடுக்கக் கூடாது. பணத்தைக் கொடுத்து ராஜி செய்வதோ அடியோடு விலக்கு. ‘கலாசாலையின் பெயர் கெட்டுவிடும், பேசி முடித்துக்கொள்’ என்று உபதேசிக்கும் பிரின்ஸிபால் தாம் சட்டத்தை மீறுவதாக நினைப்பதேயில்லை. சொல்லிக்கொடுப்பார் இல்லாததே அதற்குக் காரணம்.

2015-ம் வருஷ விதிகளின்படி வைஸ் சான்ஸலரும் ரிஜிஸ்திராரும் கமிட்டியில் அமரக்கூடாது. அதனால் பயிற்சி தங்களுக்கு வேண்டியதில்லையென்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். கமிட்டியின் அறிக்கை போய்ச் சேருவது நிர்வாகத்தாரிடமே. அப்பீல் இல்லாவிடில் முப்பது நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டியவர்களும் அவர்களே.

கமிட்டியாருக்குப் பயிற்சியளிப்பது 2013-ம் வருஷச் சட்டம் விதித்த கடமை. 2023 தீர்ப்பும் அதை வற்புறுத்துகிறது. ஒரு மாலைப் பிரசங்கமும் கையெழுத்திட்ட வருகைப் பட்டியலும் பயிற்சியாகா. புதிய உறுப்பினர்கள் பதவியேற்குமுன், பெயர்களை நீக்கிய பழைய விசாரணைக் கட்டொன்றை, அநுபவமுள்ள வக்கீல் ஒருவர் முன்னிலையில் ஆதியோடந்தமாக நடத்திப் பார்க்கட்டும். வைஸ் சான்ஸலரும் ரிஜிஸ்திராரும் அன்று முழுவதும் உடனிருக்கட்டும்.