மூடிய கண்ணும் துடித்த பேனாவும்

1951 டிசம்பர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனின் கண்ணோரங்களில் எலெக்ட்ரோடுகளை ஒட்டித் தூங்க வைத்தார். அடுத்த அறையில் பழைய ஆஃப்னர் டைனோகிராஃப், அடிக்கடி மக்கர் பண்ணும் மெஷின். ஓர் இரவுக்கு ஏறக்குறைய அரை மைல் நீளக் காகிதம் ஓடும். திடீரென்று பேனாக்கள் துடித்தன. பையன் விழித்துவிட்டானோ என்று போய்ப் பார்த்தால், அயர்ந்து தூங்குகிறான். அசைந்தது கண்ணா, கோளாறு மெஷினிலா? அந்தச் சந்தேகத்தை அவர் லேசில் விடவில்லை. விழிகள் வேகமாக அசையும், கனவுகள் மிகுந்த ‘ரெம்’ தூக்கத்தைப் பற்றி தன் வழிகாட்டிப் பேராசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1953இல் வந்தது.

கண் ஒரு சின்ன பேட்டரி. முன்பக்கம் பாசிட்டிவ், பின்னால் விழித்திரை நெகட்டிவ். விழி ஒரு டிகிரி திரும்பினால் தோலில் கிடைப்பது சுமார் 10 முதல் 20 மைக்ரோவோல்ட். இடப்பக்கம் பார்த்தால் இடது எலெக்ட்ரோடு பாசிட்டிவாகும், வலது நெகட்டிவாகும். அதனால் திரையில் இரண்டு கோடுகளும் எதிரெதிராகப் பாயும். இரண்டும் ஒரே திசையில் போனால் பெரும்பாலும் அது மூளை அலை. ஒரு கோடு மட்டும் வெட்டிக் குதித்தால் ஒட்டு விட்டிருக்கலாம். கோடு மெல்ல ஊசலாடினால் வியர்வை; அறையைக் குளிர்வித்தால் அடங்கிவிடும்.

இன்று பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. தூக்கப் பதிவு 30 விநாடிக்கு ஒரு பக்கமாகத் திரையில் ஓடுகிறது, சாஃப்ட்வேரே வகை பிரிக்கிறது. கண்ணசைவைக் கவனிக்கும் தலைசுற்றல் பரிசோதனையில் பல இடங்களில் எலெக்ட்ரோடுக்குப் பதில் கேமரா வந்துவிட்டது. மூளை அலையைப் பதியும் இ.இ.ஜி. அறையிலோ கண் சிமிட்டலே வேண்டாத அலை. அதைக் கணினி பிரித்தெடுத்து நீக்குகிறது. இதெல்லாம் நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் தூக்க ஆய்வகத்தில் விளக்கை அணைக்கும் முன் செய்கிற ஒரு வேலை மட்டும் மாறவில்லை, மாறவும் கூடாது. “தலையை ஆட்டாம இடது பக்கம் பாருங்க... வலது பக்கம்... அஞ்சு தடவை கண்ணைச் சிமிட்டுங்க.” இரண்டு நிமிட வேலை. நடுராத்திரியில் ஒரு கோடு குழப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பதிவுதான் கைகொடுக்கும். செயற்கைக் கண் வைத்தவருக்கு அந்தப் பக்கக் கோடு அவ்வளவாக அசையாது. சாயங்காலமே அவரிடம் கேட்டுக் குறித்து வைக்காவிட்டால், எலெக்ட்ரோடு கெட்டுப்போச்சு என்று தூங்குகிறவரை எழுப்பிக்கொண்டிருப்போம். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களே, அந்த இரண்டு நிமிடத்தை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.