வாட்டம் பார்த்துத் தளம் போடுங்கள்

புதுமனை புகுவிழா முடிந்ததும் பல வீடுகளில் அடுத்து நடக்கும் வேலை, பக்கவாட்டு மண்ணை மூடி ஒரு கான்கிரீட் தளம் போடுவது. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம், வடகம் காயவைக்கலாம், மழைக்காலத்தில் சேறு வீட்டுக்குள் வராது. மிஞ்சிய ஜல்லியும் எம்-சாண்டும் வாசலில் கிடக்கின்றன, கொத்தனாரும் இன்னும் கணக்கு முடித்துப் போகவில்லை. ஒரே நாளில் போட்டுவிடுவார்கள். அடுத்த ஐப்பசியில் உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உரியத் தொடங்கும்போது, யாரும் அந்தத் தளத்தைச் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

தளத்தின் மேல்மட்டம் வீட்டின் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே நிற்க வேண்டும். பேஸ்மென்ட் முடியும் இடத்தில், மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க ஒரு பட்டை போட்டிருப்பார்கள். தளம் அதற்கு மேலே போய்விட்டால் அந்தப் பட்டை இருந்தும் பயனில்லை. அடுத்தது வாட்டம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். கண்மட்டத்தை நம்பாமல் டியூப் லெவல் வைத்துச் சுவரில் கோடு போட்டு, நூல் கட்டிய பிறகுதான் கலவை கொட்ட வேண்டும். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே அரை அங்குல தெர்மோகோல் வையுங்கள். வெயிலில் தளம் விரியும், இரவில் சுருங்கும். அந்த அசைவுக்கு இடமில்லையென்றால் சுவரோரம் வெடிக்கும், வெடிப்பு வழியே தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்கு இறங்கும். கலவை இறுகியபின் தெர்மோகோலின் மேற்பகுதியைச் சுரண்டி எடுத்து சீலன்ட் நிரப்பிவிடலாம்.

தளம் உட்காருவதற்குப் பெரும்பாலும் கீழே இருக்கும் மண்தான் காரணம். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்காகத் தோண்டித் தள்ளிய மண், பக்கவாட்டில் பொலபொலவென்றுதான் கிடக்கும். அதன்மேல் அப்படியே போட்டால், மண் இறங்க இறங்கத் தளம் அந்தரத்தில் நிற்கும், பிறகு உடையும். புல் வேரோடு மேல்மண்ணை எடுத்துவிட்டு, கிராவலை அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் இதுவும் போதாது. மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் மண் அது. ஓரிரண்டு அடி தோண்டி வெளியேற்றி, கிராவல் நிரப்பினால்தான் தளம் நிற்கும்.

இருபதுக்குப் பத்தடி, நாலு அங்குல கனம் என்றால் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் பதினைந்து மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஆட்கள் நடக்க, உட்கார இது போதும். கார் நிற்கப் போகிறதென்றால் ஐந்தாறு அங்குல கனமும் கம்பியும் வேண்டும். அந்தக் கம்பியும் கவர் பிளாக் மேல் தூக்கி நிற்க வேண்டும், மண்ணில் படுத்துக் கிடந்தால் வீண்.

கலவையில் சிமெண்டைக் குறைத்துவிடுவார்களோ என்று எல்லோரும் மூட்டையை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது தண்ணீர்க் குடத்தை. "இன்னும் கொஞ்சம் தண்ணி விடும்மா" என்று கொத்தனார் சித்தாளிடம் சொல்வது, கலவை சுலபமாக இழுபடுவதற்காக. ஆனால் சிமெண்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் பின்னால் ஆவியாகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுப்போகிறது. தண்ணீர் கூடக் கூட வலிமை குறைகிறது என்பதை 1918இல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்ற ஆய்வாளர் சோதனைகளால் நிறுவினார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456உம், மேலே சொன்ன எம்20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டரே உச்சம் என்கிறது. எம்-சாண்டில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். மேலே ஈரம் மிதக்கும்போது உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்க்கும் பழக்கத்தையும் தடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பளபளக்கும், பிறகு அப்பளமாக உரியும். மழையில் வழுக்கவும் செய்யும். சற்று இறுகியதும் துடைப்பத்தால் மெல்லக் கோடு இழுத்துவிட்டால் கால் பிடிக்கும், வயதானவர்கள் பயமில்லாமல் நடப்பார்கள்.

கான்கிரீட் சுருங்கும்போது விரிசல் வந்தே தீரும். அது எங்கே வரவேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். எட்டு முதல் பத்தடிக்கு ஒரு வெட்டு, ஆழம் ஒரு அங்குலம், மறுநாளைக்குள். இருபதடித் தளத்துக்கு நடுவில் ஒரே வெட்டு போதும்.

நீராற்றுவதில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும், கத்திரி வெயிலில் பதினான்கு நாள். காலை மாலை ஹோஸால் நனைத்தால் நண்பகலில் காய்ந்துவிடுகிறது. மண்ணால் சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு வேண்டுகோள். காம்பவுண்டு சுவர்வரை மூடிவிடாதீர்கள். இருநூறு சதுர அடித் தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் தண்ணீர். மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கு உங்கள் கிணற்றுக்கோ போருக்கோ போய்க்கொண்டிருந்தது. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிகள்கூடப் பல வீடுகளில் இப்படிப்பட்ட தளங்களுக்கு அடியில் புதைந்துவிட்டன. காம்பவுண்டு ஓரம் இரண்டடி மண்ணை விட்டுவையுங்கள், தளத்தின் வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அந்த இடம் தாராளம். செப்டிக் டேங்க் மூடி, மின் இணைப்பின் எர்த் குழி, தண்ணீர்க் குழாய் போகும் பாதை மூன்றையும் கலவை கொட்டும் முன் போட்டோ எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.